பசுவும் மேய்ச்சல் நிலமும்

மாணாக்கரின் தகுதியைச் சொல்லவந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் எட்டுப் பொருள்களை உவமையாக எடுத்துக்கொள்கிறார். அன்னமும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடை மாணாக்கருக்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை மாணாக்கருக்கு. இவ்வரிசையில் கிளி நடுவிடத்தில் நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கேட்டதைக் கேட்டபடியே ஒப்பிக்கும் குழந்தையைத்தான் வீடும் வீதியும் 'அறிவாளிப் பிள்ளை' என்று கொண்டாடுகின்றன. இலக்கண ஆசிரியரோ அக்குழந்தையை இரண்டாம் தரத்தில் நிறுத்தி, முதலிடத்தைப் பசுவுக்குத் தருகிறார். நல்ல புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்து, பின்பு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது பசுவின் இயல்பு. தேடலும் செரித்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முதல்தரமான அறிவு என்பது அவர் கருத்து.

ஆனால் இவ்வுவமைக்குள் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. பசு எவ்வளவு நல்லதாயினும் மேய்வதற்குப் புல்வெளி வேண்டும். குழந்தையின் அறிவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பசுவைப் பற்றியே பேசுகின்றனர். புல்வெளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உடையார்பாளையச் சீமையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்த ஒரு சிறுவனின் வரலாறு, அவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகிறது. பிற்காலத்தில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் என உலகம் அறிந்தது அச்சிறுவனைத்தான்.

சமஸ்தானமும் இசையும்

கொள்ளிடத்திற்கு வடக்கே, கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அண்மையில் அமைந்தது உடையார்பாளையம். பயறணீசுவரர் கோயிலும் அதனை ஒட்டிய பெரிய தீர்த்தமும் ஊருக்குப் பழம்பெருமை தருவன. மிளகு மூட்டைகள் பயறாக மாறிய தலக்கதை அவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்தது. 'காலாட்கள் தோழ உடையார்' என்னும் பட்டம் தாங்கிய ஜமீன் மரபினர் அங்கே இருந்து புலவரையும் இசைவாணரையும் ஆதரித்தனர்.

அவ்வாறு ஆதரவு பெற்றவர்களுள் தலைசிறந்தவர் கனம் கிருஷ்ணையர். பெரிய திருக்குன்றத்தைச் சேர்ந்த அவர், தஞ்சை அரண்மனைக்கு வந்திருந்த பொப்பிலி கேசவையரிடம் கன மார்க்கம் என்னும் அரிய இசைமுறையைக் கற்றுத் தேர்ந்தவர்; அதனாலேயே 'கனம்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாக அவர் பாடிய தமிழ்ப் பதங்கள் பெரும்புகழ் பெற்றன. அவரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்றவர் அவருடைய உறவினரான வேங்கடசுப்பையர்; சாமிநாதையரின் தந்தையார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இசை வேங்கடசுப்பையர் வீட்டில் பிறப்போடு வந்த சொத்தாக இருக்கவில்லை. ஒரு சமஸ்தானம் ஒரு வித்துவானை ஆதரித்தது. அவ்வித்துவான் ஓர் இளைஞருக்குத் தம் வீட்டில் இடம் தந்தார். பல ஆண்டுப் பணிவிடைக்குப் பின் அவ்விளைஞருக்கு வித்தை கைவந்தது. குடும்பத்தின் 'பிறவிக் கொடை' என்று பின்னோர் கருதக்கூடியது, இவ்வாறு பலர் கைமாறி வந்ததே ஆகும்.

திண்ணைப் பள்ளியில்

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையாருக்கு நிலையான வருவாய் இல்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் சொல்லும் காலட்சேபமே பிழைப்பு. எந்த ஊரார் அழைத்தார்களோ அந்த ஊருக்குக் குடும்பம் பெயர்ந்தது. இந்நாளைய கணக்குப்படி பார்த்தால், தொடர்ச்சியான பள்ளிப்படிப்புக்கு வாய்ப்பில்லாத, ஊர்விட்டு ஊர் அலைந்த ஏழைச் சிறுவன் அவர்.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளின் பயிற்சி பெரும்பாலும் நினைவாற்றலைச் சார்ந்தது. மணலில் எழுத்து, பின்பு ஓலையில் எழுத்து. எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என யாவும் வாய்ப்பாடம். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் எனச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அவற்றை மறவாமல் சொல்ல வேண்டும். மறந்தவனுக்குப் பிரம்படி. கிளிப்பிள்ளைகளை உருவாக்குவதில் அம்முறைக்கு நிகரில்லை எனலாம்.

எனினும் அப்பள்ளிகளில் வேறொரு நன்மையும் இருந்தது. மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொன்னான். ஆசிரியர் சொல்லக் கேட்பதனால் வருவது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் வருவது காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதனால் வருவது என்பது நன்னூலார் போட்ட கணக்கு. பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1797இல் அதுபற்றி நூல் எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். 'சென்னை முறை' என்றே அஃது அங்கே வழங்கியது.

சாமிநாதையர் தம் இளமையை 'என் சரித்திரம்' நூலில் விரிவாகச் சொல்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நூலில், தம்மைப் பிறவி மேதையாகக் காட்டும் முயற்சி காணப்படவில்லை. ஐந்து வயதில் கவி பாடினார், ஒருமுறை கேட்டதை ஒப்பித்தார் என்பன போன்ற அற்புதக் கதைகளுக்கு அங்கே இடமில்லை. பக்கம் பக்கமாக அவர் சொல்வது தமக்குக் கற்பித்தவர்களைப் பற்றியும், அடுத்த நூல் எங்கே கிடைக்கும் என்ற தம் ஏக்கத்தைப் பற்றியுமே.

ஊர்தோறும் ஓர் ஆசான்

அரியலூரில் சடகோபையங்கார் இருந்தார். வைணவ நூல்களிலும் இசையிலும் தோய்ந்தவர், செல்வர் அல்லர். தமிழ்ச் செய்யுளின் சுவையைச் சிறுவனுக்கு முதலில் காட்டியவர் அவரே. ஒரு செய்யுளை எடுத்தால் அதில் தாமே திளைத்து, கேட்பவனையும் திளைக்க வைப்பது அவர் இயல்பு. தம் உள்ளத்தில் தமிழ்ச் சுவையை ஊன்றியவர் அவர் என்பதைச் சாமிநாதையர் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

பின்பு குடும்பம் குன்னத்திற்குப் பெயர்ந்தது. ஊரார் தங்குவதற்கு இடமும் உணவுக்கு வேண்டியவையும் உதவினர். அங்கே சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் முதலியவற்றைக் கற்பித்தார். நன்னூல் கற்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தபோது, அதில் வல்லவரான கஸ்தூரி ஐயங்கார் வாழ்ந்த கார்குடியை நாடினர். மகன் ஓர் இலக்கண நூலைக் கற்பதற்காகத் தந்தை குடும்பத்தையே இடம் பெயர்த்தார் என்பதை இக்காலப் பெற்றோர் எளிதில் புரிந்துகொள்வர். பிழைப்பு எங்கே என்று பார்த்துப் பெயர்ந்த குடும்பம், பாடம் எங்கே என்று பார்த்துப் பெயரத் தொடங்கிய இடம் அதுவே.

யாப்பிலக்கணத்திற்குச் செங்கணம் விருத்தாசல ரெட்டியார் வாய்த்தார். உழவுத் தொழிலுடைய செல்வர். தமிழை ஊதியத்திற்காகக் கற்றவர் அல்லர். யாப்பருங்கலக் காரிகையை அவர் அன்போடு சொல்லித் தந்தார். சிறுவனின் வேட்கை தம் கல்வி எல்லையைக் கடந்து செல்வதை உணர்ந்தபோது அவர் செய்த செயலே இவ்வரலாற்றின் திருப்புமுனை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று கற்றாலன்றி இவ்வேட்கை தணியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, அவ்வழியில் அனுப்பிவைத்தார்.

இவ்வாசிரியர்களுள் எவரும் சிறுவனின் அறிவை அளந்து பார்க்கவில்லை; தரம் பிரித்துச் சான்றிதழும் வழங்கவில்லை. தம்மிடம் இருந்ததைக் கொடுத்தனர். தம்மிடம் இல்லாதது எங்கே இருக்கிறது என்று காட்டினர். 'என்னிடம் இவ்வளவே உள்ளது' என்று ஒரு மாணாக்கனிடம் ஒப்புக்கொள்ள ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். அத்துணிவு சிற்றூர்களில் அடுத்தடுத்து வாழ்ந்தோரிடம் காணப்பட்டமையே உடையார்பாளையம், அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் உண்மையான பெருமை. சமஸ்தானத்தின் ஆதரவு இசைவாணர் குடும்பம் ஒன்றை உருவாக்கியது; சிற்றூர்களின் ஆதரவோ ஒரு தமிழறிஞரை உருவாக்கியது.

மாயூரத்தில்

1871இல் தந்தையும் மகனும் மாயூரம் சென்று பிள்ளையவர்களைக் கண்டனர். நைடதப் பாடல்களைச் சொல்லச் செய்து, பொருளும் கேட்டு, மாணாக்கனின் பயிற்சியை அவர் அறிந்துகொண்டார். பலர் வருகின்றனர், சிலகாலம் இருந்துவிட்டுப் பாதியிலே போய்விடுகின்றனர் என்பது பிள்ளையவர்களின் மனக்குறை. எவ்வளவு தெரியும் என்பதோடு எவ்வளவு காலம் நிலைத்திருப்பான் என்பதும் அவருக்கு முதன்மையான கேள்வியாயிற்று. 1876 பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறையும்வரை உடனிருந்து அம்மாணாக்கர் அதற்கு விடையளித்தார்.

பிள்ளையவர்களும் இவ்வாறு தேடித் தேடிக் கற்றவரே. 1815இல் பிறந்து திரிசிரபுரத்தில் வளர்ந்த அவர், வறுமையிடையே ஏடுகளை இரவல் பெற்றுப் படித்தார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் இருப்பது கேட்டு, அவரைப் பின்தொடர்ந்து பணிவிடை செய்து அந்நூலைப் பாடங்கேட்டார் என்பது அவருடைய சரித்திரத்தில் வரும் செய்தி. தாம் பட்ட அருமை தம் மாணாக்கர் படலாகாது என்றெண்ணியவர்போல, கேட்டவர்க்கெல்லாம் வரையாது வழங்கினார். நாகூர் குலாம் காதிறு நாவலரும், கிறித்தவரான சவரிராயலு நாயகரும் அவரிடம் பயின்றனர்.

மாயூரத்தில் சாமிநாதையர் சிலகாலம் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றார். குடும்ப வித்தை இசை, தந்தையின் விருப்பமும் இசை, குரலும் உண்டு. ஆயினும் இசையில் மிகுதியும் ஈடுபட்டால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் என்பது பிள்ளையவர்களின் எண்ணம். அதனை அறிந்து மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். கனம் கிருஷ்ணையரின் மரபு மகனிடம் தொடரும் என்று நம்பிய தந்தைக்கு அது வருத்தம் தந்திருக்கும். கைவந்த ஆற்றல் ஒன்றாகவும், மனம் நாடுவது வேறாகவும் இருக்கும் குழந்தைகள் எல்லாக் காலத்திலும் உண்டு. எது எளிதில் வருகிறதோ அதுவே குழந்தையின் அறிவு என்று முடிவுகட்டிவிட முடியாது.

அசைபோடுதல்

1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நீண்ட பட்டியலை அவர் சொன்னார். முதலியார் வியக்கவில்லை, சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவினார். பின்னர்ச் சிந்தாமணிப் பிரதி ஒன்றையும் கொடுத்தார்.

இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியருக்கு அது சிறுமையாகத் தோன்றியிருக்கலாம். பட்டியலைக் காட்டி வாதிட்டிருக்கலாம். அவரோ சிந்தாமணியைத் திறந்து, தமக்கு விளங்கவில்லை என்பதைத் தமக்கே ஒப்புக்கொண்டு, கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களின் வீடு தேடிச் சென்று பாடங்கேட்டார். மாணாக்கர்க்கு ஆசிரியராக இருந்துகொண்டே மாணாக்கரானார். ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை அசைபோட்டு, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 'என்னிடம் இல்லை, இருக்குமிடம் செல்' என்று செங்கணத்தில் கேட்ட பாடத்தையே அவர் வாழ்நாள் முழுதும் படித்துக்கொண்டிருந்தார் எனலாம்.

அளவுகோல் வந்த வரலாறு

குழந்தையின் அறிவை எண்ணால் குறிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. பாரிசில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் 1905இல் முதல் அளவையை வகுத்தனர். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனித்துணை தருவதே அதன் நோக்கம். அறிவு மாறாத அளவுடையது என்ற கருத்தைப் பினே மறுத்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். அமெரிக்காவில் லூயி டெர்மன் 1916இல் அதனைத் திருத்தியமைத்தபோது நோக்கமும் மாறியது. உதவி வேண்டுவோரைக் காண்பதற்கான கருவி, மேலோரைப் பொறுக்குவதற்கான கருவியாயிற்று. 1921இல் தொடங்கி 1,500க்கும் மேற்பட்ட மேதைக் குழந்தைகளைத் தேர்ந்து டெர்மன் ஆய்ந்தார். அத்தேர்வில் இடம்பெறாமற் போன சிறுவர் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரேசும், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவருள் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை.

இதற்கு அயல்நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னைக்கு மாறிய ஆண்டு 1903. அதற்கடுத்த ஆண்டு அக்கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். தேர்வு அவரைத் தள்ளிய பிறகு அவரைத் தாங்கியோர் தனிமனிதர்கள். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ், துறைமுகக் கழகத்தின் நாராயண ஐயர் எனக் கைமாறி, 1913இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அவருடைய கடிதம் சென்றது. ஒவ்வொருவரும் தமக்கு மேற்பட்டவரிடம் அனுப்பினர். கார்குடியும் செங்கணமும் செய்ததையே அவர்களும் செய்தனர்.

வேலிக்கு வெளியே

இவ்வரலாற்றைப் பெருமிதத்தோடு முடித்துவிடுதல் முறையாகாது. உடையார்பாளையச் சீமையின் புல்வெளி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தேவரடியார் குலத்தவர் போன்ற சிலர் நீங்கலாக, பெண் குழந்தைகள் திண்ணைப் பள்ளியில் ஏறவில்லை. தீண்டாமைக்கு ஆட்பட்ட குலத்துக் குழந்தைகள் அத்திண்ணை இருந்த தெருவிலேயே நடக்க முடியவில்லை. சாமிநாதனின் வயதொத்த சிறுமியர் எத்தனையோ பேர் அதே காலட்சேபத்தைத் தூணோரம் நின்று கேட்டிருப்பர். அவர்களுள் எவருக்குத் தமிழ்ச் சுவை ஊறியது என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை. மேதையரின் பட்டியல் என்பது உண்மையில் வாய்ப்புப் பெற்றோரின் பட்டியலே. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் மன்னரின் தனி இசைவு பெற்றே இடம்பெற முடிந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பிய பிறகே அவர் அறிவு எல்லார்க்கும் தெரிந்தது. அந்த ஒரு கதவு திறவாதிருந்தால் அவரும் பெயரற்ற சிறுமியருள் ஒருவராகியிருப்பார்.

வேலிகள் பல விழுந்தபின்னும் கேள்வி தீரவில்லை. உடையார்பாளையத்திற்கு அண்மையில், அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் என்னும் சிற்றூரில், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளாகத் தலித் குடும்பத்தில் பிறந்தவர் அனிதா. 2017ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றார். மருத்துவப் படிப்புக்கான அனைத்திந்திய நுழைவுத் தேர்வில் 720க்கு 86 பெற்றார். நுழைவுத் தேர்வு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள், பதினேழாம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தேர்வுமுறைகளின் நன்மை தீமைகளை ஆராய்வது வேறு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்ததும் அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி. ஈண்டுக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே ஆண்டில், ஒரே சிறுமிக்கு, இரண்டு எண்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் எது அவருடைய அறிவு? ஓர் எண் அவரை முன்வரிசையில் நிறுத்தியது. மற்றோர் எண் வாயிலிலேயே திருப்பியனுப்பியது. இரண்டுமே அவர் மேய்ந்த புல்வெளியைப் பற்றிச் சொன்ன அளவுக்கு அவரைப் பற்றிச் சொல்லவில்லை. கார்குடியிலும் செங்கணத்திலும் ஒரு சிறுவனுக்குக் கிட்டிய ஒன்று அச்சிறுமிக்கு அந்த வாயிலில் கிட்டவில்லை. 'இங்கு இல்லை; ஆனால் உன் வழி இந்தப் பக்கம் இருக்கிறது' என்று கைகாட்டும் ஒருவர் அங்கே நிற்கவில்லை.

இலக்கியக் கழகத்தின் பங்கு

குழந்தை அறிவுடையது என்பதற்கு, அஃது எதை ஒப்பிக்கிறது என்பதனினும் எதைத் தேடுகிறது என்பதே உறுதியான அடையாளம். அத்தேடலை முதலில் காண்பவர் தேர்வாளர் அல்லர். அண்டை வீட்டார், ஊர்ப் புலவர், பாட்டைக் கேட்டுத் தலையசைக்கும் பெரியவர் ஆகியோரே. சடகோபையங்காரும் சிதம்பரம் பிள்ளையும் கஸ்தூரி ஐயங்காரும் விருத்தாசல ரெட்டியாரும் தம் மாணாக்கன் தமிழ்நூல்களை மீட்டுத் தருவான் என்று அறிந்து கற்பிக்கவில்லை. கேட்டான், கொடுத்தனர், தீர்ந்தது, அனுப்பினர். சாமிநாதையர் தம் சரித்திரத்தில் அவர்கள் பெயரை எழுதியிராவிட்டால் தமிழுலகம் அவர்களை அறிந்திராது.

தமிழ்க் கழகங்களின் கூட்டங்களில் கடைசி வரிசையில் வந்து அமரும் பிள்ளைகள் எங்கும் உண்டு. யாரோ ஒருத்தி தளை தட்டும் வெண்பா ஒன்றை மடித்த தாளில் வைத்துக்கொண்டு, காட்டுவதா வேண்டாவா என்று தயங்கி நிற்பாள். அவளுக்குப் பரிசு தரும் முன், அவள் அடுத்துப் படிக்க வேண்டிய நூலைத் தருதல் வேண்டும். அந்நூல் கழகத்தில் இல்லையென்றால், இருக்குமிடத்தைச் சொல்லுதல் வேண்டும். உடையார்பாளையச் சீமை தமிழுக்குச் செய்த உதவி அதுவே. இன்னும் ஒருமுறை, இன்னும் பலர்க்கு, அதனைச் செய்ய முடியும்.